செருப்பு கறுப்பதற்குள்

"போன தடவையும் இதையேதான் சொன்ன. இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும், இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும்னு."

"பாதியில எடுத்தா பாதியாத்தான இருக்கும்?"

"பாதின்னு உன் கண்ணு சொல்லுது மாமா. இது நெல்லு இல்ல."

இளவரசு கையிலிருந்த ஈரப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். அதிலிருந்து வழிந்த தண்ணீர் அவன் முழங்கை வரை இறங்கிக் கட்டில் விரிப்பில் சொட்டியது. படுத்திருந்த அவன் மனைவி சத்யப்பிரியாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்களை மட்டும் திருப்பிப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். நன்றாக இருந்த காலத்தில் படம் பிடிக்காவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள். இப்போது உதட்டின் வேலையையும் சேர்த்துக் கண்தான் பார்த்தது.

"கறுப்பு முழுங்கிடுச்சு," என்றாள்.

முழுங்கித்தான் இருந்தது. கடலூர் சில்வர் பீச்சில் அவள் எடுத்த படம் அது. தண்ணீருக்குள் ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருக்கிறான். ஒரு கையில் பெண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி, இன்னொரு கையில் ஸ்கேன் கவர். அவன் இளவரசுதான். கடலூரில் டாக்டர், நோய் ஈரலுக்கும் போய்விட்டது என்று சொன்ன அன்று சாயந்திரம், வீட்டுக்குத் திரும்பாமல் பீச்சுக்குப் போகலாம் என்றாள் அவள். மணலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் நேராகப் போய்த் தண்ணீரில் நின்றுவிட்டான். அழுகிறானா இல்லையா என்று பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அவள் எடுத்த கடைசிப் படம் அது. இப்போது அவன் கையிலிருந்த தாளில் அந்த ஆளும் கறுப்பு, செருப்பும் கறுப்பு, கடலில் பாதியும் கறுப்பு.

"இதத் தங்கத்துல போட வேணாம். போட்டாலும் சாம்பலாத்தான் நிக்கும். முதல் படம் நின்னுச்சே, அந்த மாதிரி," என்றாள். இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொல்லுக்கு ஒரு மூச்சு என்று எடுத்து வைத்தாள்.

சத்யப்பிரியா கடலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சர். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். சனி ஞாயிறுகளில் பின்கட்டுக் குளியலறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, உள்ளே சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படம் கழுவுவாள். அதிலும் எல்லாரும் கழுவுகிற மாதிரி இல்லை. தாளுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கொடுப்பாள். மருந்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, மருந்தா கழுநீரா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நீர்க்க வைப்பாள். அதில் போட்ட தாள் வெகுநேரம் வெள்ளையாகவே கிடக்கும். பிறகு வெந்நீரில் குளித்துவிட்டு வந்த உடம்பு மாதிரி ஒரு செம்மை பரவும். பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒரு புள்ளி கறுக்கும். அந்தக் கறுப்பு பக்கத்தில் இருப்பதைத் தொட்டுக் கறுப்பாக்கும், அது அதற்கடுத்ததை. ஆரம்பித்துவிட்டால் ஓட்டம்தான். எந்த இடத்தில் தாளைப் பிடித்து வெளியே இழுக்கிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம்.

இழுத்து, நிறுத்தி, கழுவி, அதன்பிறகு தங்கம் கரைந்த தண்ணீரில் போட்டால் நீலம் வரும். செம்மையாக நின்ற இடமெல்லாம் நீலமாகும், கறுத்த இடம் கறுப்பாகவே இருக்கும். வரும் என்று படித்திருந்தாள். அவளுக்கு வந்ததில்லை. ஊதா வந்திருக்கிறது, ஈயப் பாத்திர நிறம் வந்திருக்கிறது. நீலம் மட்டும் வரவில்லை. அந்த ஒரு ஆசையைத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது வேனில் அவன் காதில் சொன்னாள். அதுவரை அந்தக் குளியலறைக்குள் காலே வைக்காதவன், அன்றிலிருந்து அவள் சொல்லச் சொல்ல உள்ளே போய்வந்துகொண்டிருந்தான்.

அவனால் சரியான இடத்தில் இழுக்க முடியவில்லை. அவன் புவனகிரிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் பகுதிக்குப் பொறுப்பாளன். தொட்டியில் ஊறுவது முழுசாக ஊற வேண்டும், ஆவியில் வேகிறது முழுசாக வேக வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் அரிசி நடுவில் வெள்ளையாக நிற்கும், அரைத்தால் நொறுங்கும். அரைவேக்காடு என்ற சொல்லே அவனுக்கு வசவு. அந்தக் கையோடுதான் இந்த இருட்டுக்குள்ளும் நின்றான்.

பெட்டியில் இன்னும் ஒரு தாள் இருந்தது. பாட்டிலில் இன்னும் ஒரு படத்துக்குத்தான் தங்கம் இருந்தது.

வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. அவள் அண்ணன் சுப்புராயன். குமராட்சி மினிபஸ்ஸை வேறொருவனிடம் விட்டுவிட்டு யூனிஃபார்ம் சட்டையோடே வந்திருந்தான்.

"இன்னா மச்சான், வூடு இன்னமும் ஊறுகா கம்பெனி வாசந்தானா?" என்று உள்ளே வந்தவன், தங்கையைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "பாப்பா, எப்பிடிம்மா இருக்க?"

"ஊறிட்டு இருக்கேன்," என்றாள் அவள்.

சுப்புராயன் சிரிக்க முயன்றான். முடியாமல் படத்தை வாங்கிப் பார்த்தான். "நீலந்தான வேணும்? வேட்டிக்குப் போடற சொட்டு நீலத்துல முக்கி எடுத்தா ஆச்சு. இதுக்குப் போயி…"

"பேசாம இருடா," என்று அடுக்களையிலிருந்து வந்தாள் ராமாமிர்தம். இளவரசுவின் அம்மா. பிரியாவுக்கும் சுப்புராயனுக்கும் சொந்த அத்தை. ஒரு கையில் சந்தனக் கல், ஒரு கையில் பால் சங்கு. விடிந்ததிலிருந்து மருமகளின் மூச்சு மாறியிருப்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "ஆச எதுலயோ நிக்குது. அதான் இப்பிடி இழுத்துக்கினு கெடக்கு. நேத்து மண்ணக் கரைச்சு வாயில வச்சேன், ஒண்ணும் ஆவல. பொன்ன உரசிப் பாலுல வுட்டா நல்லபடியாப் போயிடும்."

"அம்மா, அவளுக்குக் கேக்குது," என்றான் இளவரசு.

"கேக்கட்டும். அவளுக்குத் தெரியாததா?"

"எந்தப் பொன்னு மேல அவளுக்கு ஆச? தாலிக் குண்டையே கழட்டிக் குடுத்தவ."

அது அந்த வீட்டில் இன்னும் ஆறாத விஷயம். தாலிக்கு இருபுறமும் கோத்திருந்த குண்டில் ஒன்றைப் பிரியா பத்தர் சுப்பிரமணியனிடம் கொடுத்து, திராவகத்தில் கரைத்துத் தரச் சொல்லியிருந்தாள். பத்தர் புருஷனுக்குத் தெரியுமா என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் கரைத்தார். மஞ்சள் தண்ணீராக ஒரு சின்னப் பாட்டிலில் திரும்பி வந்தது. ராமாமிர்தம் ஒரு மாதம் மருமகளோடு பேசவில்லை. ஒற்றைக் குண்டுத் தாலி இப்போது கட்டிலில் படுத்திருந்தவளின் கழுத்தெலும்பின் குழியில் ஒதுங்கிக் கிடந்தது.

ராமாமிர்தத்துக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. சந்தனக் கல்லைக் கீழே வைத்தாள்.

"நான் எதுக்குடா உரசணும்? அதான் கரைச்சே வச்சிருக்காளே. அந்த பாட்டில்லேருந்து ஒரு சங்கு குடு."

"அய்யோ அம்மா, அது வெசம்."

"தங்கம் எப்பிடிடா வெசமாவும்?"

சுப்புராயன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. கட்டிலிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று எல்லாரும் பதறித் திரும்பினார்கள். பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேணாம் அத்த. பேப்பருக்கு ஊத்துங்க. அதுக்கும் உசுரு போவ மாட்டேங்குது."

ராமாமிர்தம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு மருமகளின் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா," என்றாள் பிரியா. அவன் குனிந்தான். "கடைசித் தாளு. நல்லாக் கேட்டுக்க. உன் பேன்ட்டு கறுக்கும். வுடு. ஆனா செருப்பு கறுக்கறதுக்குள்ள எடுத்துடு."

"செருப்பு ஒண்ணுந் தெரியாது பிரியா அதுக்குள்ள. கடல் வெறும் மங்கலா இருக்கும்."

"இருக்கும். போதலன்னு தோணும். அப்ப எடு."

அவன் நகரவில்லை. "நான் உள்ள போயிக் கதவச் சாத்திட்டா…" என்று ஆரம்பித்தான்.

"சாத்துனாத்தான் இருட்டு," என்றாள் அவள்.

வெளியே நல்ல வெயில். தெருவில் மீன்காரியின் குரல் போய்க்கொண்டிருந்தது. இளவரசு குளியலறைக் கதவைச் சாத்தி, அடியில் துணியைத் திணித்ததும் பகல் முழுவதும் வெளியே நின்றுவிட்டது. சிவப்பு விளக்கில் தன் கையே யாருடையதோ போல இருந்தது. கடைசித் தாளை, பிலிம் மாட்டியிருந்த மேல்விளக்கின் கீழ் வைத்து வெளிச்சம் கொடுத்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடி, வாய்க்குள் எண்ணினான். தாளை மருந்தில் அமிழ்த்தினான். தட்டை ஒரு ஓரம் தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி. தூளி ஆட்டுகிற கணக்கு.

தாள் வெள்ளையாகக் கிடந்தது.

மில்லில் ஆவி ஏறும்வரை காத்திருப்பது அவனுக்குப் பழக்கம். அங்கே சத்தம் இருக்கும், வாசனை மாறும், குழாய் அதிரும். இங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே நடக்காத ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டு அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நின்றிருக்கிறாள்! சோற்றுக்குக் கூப்பிட்டால் "வரேன், வரேன்" என்பாள். என்னதான் பண்றாளோ என்று அவன் சலித்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவான். ஒன்றும் பண்ணவில்லை. இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கதவு தடதடத்தது.

"டேய் இளவரசு, வெளிய வாடா. மூச்சு எண்ணி எண்ணி வுடறா."

அவன் கை தட்டை ஆட்டுவதை நிறுத்தியது. தாளில் ஏதோ வந்தது. வந்ததா? கண் மயக்கமா? இல்லை, அடிவானம் இருந்தது. ஒரு கோடு, தண்ணீருக்கும் ஆகாயத்துக்கும் நடுவில், யாரோ நகத்தால் கீறினாற்போல.

"டேய்!"

கதவைத் திறந்தால் வெளிச்சம் பாயும், தாள் முழுக்கக் கறுக்கும். திறக்காவிட்டால்? அவன் ஒரு கையைத் தாழ்ப்பாளில் வைத்தான். மறு கை தட்டில் இருந்தது. இரண்டும் அவனுடைய கைகள்தான். இரண்டும் அவன் சொன்னதைக் கேட்பதாக இல்லை.

"மச்சான்," என்று சுப்புராயனின் குரல் கதவோடு ஒட்டி வந்தது. "தொறக்காதீங்க. பாப்பா சொல்லச் சொல்லுச்சு. தொறக்க வேணாமாம்."

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான்.

அலைகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, எல்லாம் ஒரே சமயத்தில், தாளுக்கு அடியில் அத்தனை நேரமும் இருந்தவை போல. ஆகாயம் வந்தது. மணல் வந்தது. நடுவில் ஒரு ஆள். இளவரசு வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். தன் முதுகை யாரும் வாழ்நாளில் பார்க்க முடியாது. இவள் பார்த்திருக்கிறாள். அந்த முதுகு அன்று எப்படி வளைந்திருந்தது என்பது அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

இடது கால் பேன்ட்டின் மடிப்பில் ஒரு புள்ளி விழுந்தது. எறும்பு அளவு. அது அடுத்ததைத் தொட்டது. மடிப்பு கறுத்தது, கால் கறுத்தது, கறுப்பு தோள் வரை ஏறியது. கை வழியாக இறங்கியது. விரலுக்கு வந்தது. விரலில் தொங்கிய செருப்பு இன்னும் நிழலாக மட்டும் இருந்தது. கடல் வேகாத கடலாக, மங்கலாக, ஒன்றுக்கும் உதவாதது போலக் கிடந்தது. போதாது. இன்னும் கொஞ்சம். ஒரே ஒரு நிமிஷம். அவன் உடம்பில் உள்ள அத்தனை வருஷ மில்லும் அதைத்தான் சொன்னது.

இழுத்துவிட்டான்.

கறுப்பை நிறுத்தும் புளிப்பு மருந்தில் போட்டபோது தண்ணீர் சட்டையில் தெறித்தது. அதன்பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். அவசரப்படாமல் குழாயைத் திறந்து கழுவினான். கதவைத் திறந்தான்.

பகல் அங்கேயே இருந்தது. அவளும் இருந்தாள். நெஞ்சு ஏறியது, வெகுநேரம் கழித்து இறங்கியது.

படம் வெளிச்சத்தில் செம்மையாக இருந்தது. கடலும் ஆகாயமும் பழுத்த கொய்யாவின் உள்சதை நிறம். "என்னடா இது, சாயம் போன ரவிக்கத் துணியாட்டம் இருக்கு," என்றாள் ராமாமிர்தம். பிரியா பார்த்தாள். இந்தத் தடவை கண்களை மூடவில்லை.

"இங்கயே," என்றாள்.

தங்கத்தில் போடுவதற்கு இருட்டு வேண்டாம் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முக்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டான். சுப்புராயன் தலையணையை உயர்த்தித் தங்கையின் முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தான். இளவரசு வெள்ளைத் தட்டில் தண்ணீரை ஊற்றி, பாட்டிலில் மிச்சமிருந்ததை முழுக்கக் கவிழ்த்தான். தண்ணீர் நிறம் மாறவில்லை. வெறும் தண்ணீராகவே இருந்தது. அதற்குள் தாலிக் குண்டு ஒன்று இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

தாளை உள்ளே விட்டான். நான்கு பேரும் தட்டைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் ஆவலயே," என்றான் சுப்புராயன்.

"ஆவும்," என்றது தலையணை.

ராமாமிர்தம் ஒரு காலத்தில் நூறு சாவு பார்த்தவள். யார் எப்போது போவார்கள் என்று உள்ளங்காலைத் தொட்டுச் சொல்வாள். அவள் மடியில் இருந்த பாதம் குளிர்ந்துகொண்டு வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், தட்டைப் பார்த்துவிட்டு, சொல்லவில்லை.

ஆகாயத்தின் மேல் மூலையில் செம்மை அழுக்காயிற்று. கெட்டுவிட்டது என்று நினைத்தான் இளவரசு. அழுக்கு கீழே இறங்கியது, கத்தரிப்பூ நிறமாயிற்று. தட்டை ஆட்டினான். கத்தரிப்பூவுக்குள்ளிருந்து வேறொன்று கிளம்பி வந்தது. யாரும் அதை வைக்கவில்லை. மஞ்சளாக இருந்த தங்கமும் சிவப்பாக இருந்த கடலும் சேர்ந்தால் இது எப்படி வரும்? விடிவதற்குச் சற்று முன்னால் கதவைத் திறந்தால் வாசலில் ஒன்று நிற்குமே, கோலம் போடுகிறவளின் கையில்கூடப் படிந்திருக்குமே, அந்த நீலம். அது ஆகாயத்தை நிரப்பி, அடிவானக் கோட்டைத் தாண்டி, அலை அலையாகக் கரைக்கு வந்தது. நடுவில் நின்றவனை மட்டும் தொடவில்லை. அவன் கறுப்பாகவே நின்றான். அவனைச் சுற்றி எல்லாம் நீலம். அவன் விரலில் தொங்கிய செருப்பும் நீலம்.

"எம்மாடி," என்றாள் ராமாமிர்தம். சாமி புறப்பாட்டில் தேர் முக்கு திரும்பும்போது கும்பிடுகிற மாதிரி, தெரியாமலே கை குவித்திருந்தாள்.

சொட்டு நீலத்தைப் பற்றிச் சுப்புராயன் அதன்பிறகு என்றுமே பேசவில்லை.

சாயந்திரத்துக்குள் தெருவை அடைத்துப் பந்தல் வந்துவிட்டது. மங்கலம்பேட்டைச் சொந்தங்களும் கடலூர்ப் பள்ளிக்கூடத்து ஆட்களும் வந்தார்கள். யார் மாட்டினார்களோ, படம் கூடத்துக் கொடியில் துணி கிளிப்பில் தொங்கியது. வந்தவர்கள் முதலில் அவளைப் பார்த்தார்கள், பிறகு அதைப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சந்தனக் கல் உரசாமலே சுவரோரம் கிடந்தது. தட்டில் இருந்த தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் யாரும் கொட்டவில்லை. இளவரசு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மாலையைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கினான். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்தான். காதுக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நீலம் கரைக்கு வந்து நின்றதும் அவன் தாளை இரண்டு கையாலும் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். அவள் வெகுநேரம் பார்த்தாள். ஆகாயத்தைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், கறுப்பு ஆளைப் பார்த்தாள். பிறகு கண் கீழே இறங்கி, படத்தின் அடி ஓரத்தில் நின்றது. அங்கே மணலில், சாயந்திர வெயிலில் நீண்டு விழுந்த ஒரு நிழலின் உச்சி மட்டும் இருந்தது. காற்றில் பறந்த இரண்டு மயிரிழையும், கேமராவைப் பிடித்த முழங்கையின் முனையும். மிச்சத்தை அவன் தாள் வைத்த இடம் வெட்டியிருந்தது. அவள் உதடு அசைந்தது. அவன் காதை அருகில் கொண்டுபோனான்.

"நல்லா வந்துருக்கு மாமா," என்றாள். "அடியில கொஞ்சம் எறக்கி, என் நெழலு முழுசா வர்ற மாதிரி இன்னொண்ணு போடறியா?"